ஹூஸ்டனில் வாடகை வீடு: புயலுக்கு அப்புறம் வரும் மாதங்கள்

ஹூஸ்டனில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற ஆசை நம் ஆட்களுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. கலிபோர்னியாவில் முன்பணமாகக் கட்டும் தொகைக்கு இங்கே பாதி வீடு கைக்கு வந்துவிடும். மாநில வருமான வரி கிடையாது. எண்ணெய்க் கம்பெனிகள், மெடிக்கல் சென்டர், துறைமுகம், நாசா என்று வேலைக்குப் பஞ்சமில்லை, குடிவருபவர்களுக்கும் பஞ்சமில்லை. பேர்லாண்ட் மீனாட்சி கோயிலில் பிரகாரம் சுற்றி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் பிடித்துக்கொள்கிறார்: "நீங்க ரெண்டு வீடு விட்டிருக்கீங்களாமே, நல்லா வருதா?"

வருகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிரகாரத்தில் நின்று பதில் சொல்ல முடியாது. புயல் என்றதும் கூரை பறப்பதும் தெருவில் படகு போவதும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அந்த இரண்டு மூன்று நாள் எப்படியோ கழிந்துவிடும். கையிருப்பைக் கரைப்பது அதற்குப் பிறகு வரும் மாதங்கள். சொந்த வீட்டில் குடியிருப்பவனுக்கு என்று இந்த ஊரில் ஏகப்பட்ட சலுகைகள் உண்டு. காப்பீடு, வரி, அரசு நிவாரணம் என்று எந்த வரிசையில் போய் நின்றாலும் வாடகைக்கு விட்டவனுக்குக் கடைசி இடம்தான். வாங்கும்போது போடுகிற கணக்கில் இது வருவதே இல்லை.

என் முதல் வாடகை வீடு மேற்கே, கேட்டி பக்கம். 2015இல் வாங்கியது. பார்க்கர் நீர்த்தேக்கத்துக்கு மேல்புறம். நீர்த்தேக்கம் என்று சொன்னால் ஏரி மாதிரி தண்ணீர் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். 1929லும் 1935லும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு, ஹூஸ்டன் நகர மையத்தைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1940களில் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு மண் அணைகளைக் கட்டியது. சாதாரண நாளில் உள்ளே சொட்டுத் தண்ணீர் இருக்காது. பூங்காவும் சைக்கிள் பாதையும்தான். பெருமழை பெய்தால் மட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து, பிறகு பஃபலோ பேயூ என்ற ஓடை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தைப் பார்த்த நமக்கு அணை என்றால் கீழே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து என்று தோன்றும். இங்கே மேலே இருப்பவர்களுக்கும் அதே ஆபத்து. தண்ணீர் தேங்கக்கூடிய மொத்த இடத்தையும் அரசு வாங்கி வைக்கவில்லை. மிச்ச இடத்தில் வீடு கட்டி விற்றுவிட்டார்கள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் சில குடியிருப்புகளின் மனை வரைபடங்களில், இந்த இடம் நீண்ட நாள் நீரில் மூழ்கும்படி விடப்படலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருக்கும். வீடு வாங்கும்போது அந்த வரைபடத்தை விரித்துப் படிப்பவர் எத்தனை பேர்? வீட்டுப் பத்திரத்தை முடித்துக் கொடுக்கும் டைட்டில் கம்பெனியில் கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

மத்திய அரசின் பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் அந்த வீடு எக்ஸ் மண்டலம். அதாவது வெள்ளக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்று வங்கி கேட்காது. ஏ அல்லது வி என்று தொடங்கும் மண்டலங்களில் இருந்தால்தான் கட்டாயம். அங்கே சொல்லப்படும் "நூறாண்டு வெள்ளம்" நூறு வருடத்துக்கு ஒருமுறை முறை வைத்து வருவதல்ல. ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு. முப்பது வருடக் கடனுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 26 சதவீதம், நாலில் ஒன்று. எக்ஸ் மண்டலத்தில் அதைவிடக் குறைவு; பூஜ்யம் அல்ல. எனக்கு வீடு பிடித்துக் கொடுத்த ஏஜெண்ட் இந்த ஊரில் ஆலிசன், ஐக் என்று பழைய புயல்களையெல்லாம் பார்த்தவர். "தம்பி, வங்கி கேட்கலைன்னு விட்டுடாதே. எக்ஸ் மண்டலத்துக்கு வருஷத்துக்கு ஐந்நூறு டாலர் வருமா? கண்ணை மூடிக்கிட்டு எடு" என்று பிடிவாதமாக நின்றார். எடுத்தேன். என் தெருவில் எடுக்காதவர்களே அதிகம்.

ஹார்வி 2017 ஆகஸ்ட் 25ஆம் தேதி ராக்போர்ட் அருகே நான்காம் வகைப் புயலாகக் கரையேறியது. ஹூஸ்டனுக்குக் காற்று பெரிதாக இல்லை. பிரச்சினை, அது நகராமல் நின்றது. நெடர்லாண்ட் என்ற டெக்சஸ் ஊரில் மொத்தம் 60.58 அங்குல மழை பதிவானது. ஏறக்குறைய 154 சென்டிமீட்டர். 28ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் இரண்டு அணைகளையும் திறந்தார்கள். கீழே மெமோரியல் பக்கம் தண்ணீர் புகுந்தது. மேலே எங்கள் பக்கம், திறந்த பிறகும் தேக்கம் ஏறிக்கொண்டே போனது. மழை விட்டு வெயில் அடித்த பிறகும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. வேகமாக வந்து வடிந்துபோகும் தண்ணீர் வேறு, நாள்கணக்கில் நிற்கும் தண்ணீர் வேறு. சுவருக்குள் இருக்கும் பஞ்சு அந்தத் தண்ணீரை உறிஞ்சி, நின்ற மட்டத்துக்கு மேலே இழுத்துவிடும்.

குடியிருந்தவர்கள் வெனிசுவேலாக்காரர்கள், கேட்டியில் அவர்கள் நிறையப் பேர். இரண்டு குழந்தைகளோடு படகில் ஏறிச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டெக்சஸ் சட்டப்படி, குடியிருப்பவரின் தவறு இல்லாமல் வீடு முழுக்க வாழத் தகுதியற்றுப் போனால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் தெரிவித்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அவர்கள் வெளியேறிய நாளிலிருந்து கணக்குப் பார்த்து மீதி வாடகையையும் டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தில் பேரம் பேசுவது மனிதர்களின் காரியமல்ல. அதோடு, அந்தக் குடும்பம்தான் பிற்பாடு அடுத்த குடித்தனக்காரரை எனக்கு அனுப்பியது.

தண்ணீர் வடிந்து உள்ளே போனதும் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இழப்பீட்டுத் தொகை இங்கேதான் முடிவாகிறது. முதலில் போட்டோ. எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் நாலு மூலையிலிருந்தும், சுவரில் தண்ணீர்க் கறை படிந்த உயரத்துக்குப் பக்கத்தில் அளவு நாடாவை நீட்டிப் பிடித்து. அடுப்பு, பாத்திரம் கழுவும் மெஷின், ஏ.சி. வெளி யூனிட், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றின் மாடல் எண், சீரியல் எண் இருக்கும் தகட்டை எடுக்க வேண்டும். கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் பேடையும் கைக்குட்டை அளவு வெட்டி, அறைப் பெயர் எழுதி, ஜிப் பையில் போட்டு வைத்தேன். மிச்சத்தை உடனே தெருவோரம் எறிந்தாக வேண்டும். ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். காப்பீட்டுக் கம்பெனியின் மதிப்பீட்டாளர் வருவதற்குப் பல வாரங்கள் ஆகலாம். அவர் வந்து "என்ன தரமான கார்ப்பெட்?" என்று கேட்கும்போது அந்தத் துண்டுதான் பேசும். என் விஷயத்தில் பேசியது.

அப்புறம் சுவர். இங்கே சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஷீட்ராக் பலகை. தண்ணீர் இரண்டடி நின்றாலும் நாலடி உயரத்துக்கு வெட்டச் சொல்வார்கள். காரணம் எளிது: பலகையின் அகலம் நாலடி. படுக்கவாட்டில் ஒரு பலகை அப்படியே பொருந்திவிடும். வெட்டி, பஞ்சை எடுத்து, மரச்சட்டத்தில் மருந்தடித்து, ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையரும் காற்றாடியும் போட்டுக் காய விட வேண்டும். மேல்தோல் காய்ந்ததைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஈரப்பதமானி என்று ஒரு சின்னக் கருவி ஹோம் டிப்போவில் கிடைக்கும். அதன் இரண்டு ஊசியையும் மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். 15க்குக் கீழே வரும்வரை பலகை அடிக்க விடாதீர்கள். ஒப்பந்தக்காரர் அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கிறது. எண் தெரியும்படி போட்டோ எடுத்து வைத்தால், பிற்பாடு வீட்டை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் உதவும்.

இனி காப்பீடு. மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர். தொகை போதும். ஆனால் விவரத்தில்தான் விஷயம். சொந்தமாகக் குடியிருப்பவர் போதிய அளவுக்குக் காப்பீடு எடுத்திருந்தால் புதிதாகப் போட ஆகும் செலவைக் கொடுப்பார்கள். வாடகை வீட்டுக்குத் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். பத்து வருட அலமாரி, பத்து வருடக் கதவு, பத்து வருட ஏ.சி.: ஒவ்வொரு வரியிலும் ஒரு கழித்தல். கடைசியில் நின்ற தொகைக்கும் கொத்தனார், தச்சர் கேட்ட தொகைக்கும் இடையில் பெரிய பள்ளம். அதை நிரப்பியது என் சேமிப்பு.

வாடகை? அந்தப் பாலிசியில் வாடகை இழப்புக்கு ஒரு பைசா கிடையாது. வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களுக்கென்று தனியார் கொடுக்கும் டி.பி.-3 பாலிசியில் வாடகை இழப்புக்கு ஒரு பகுதி இருக்கும். ஆனால் அந்தப் பாலிசி ஏற்றுக்கொண்ட காரணத்தால் வீடு சேதமானால்தான் அது செல்லும். தீ, காற்று, ஆலங்கட்டி சரி. வெள்ளம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, வெள்ளத்தால் காலியாகும் மாதங்களுக்கு இந்த இரண்டு பாலிசியும் பொறுப்பில்லை. மாத வாடகை 2,200, கடன் தவணையும் வரியும் காப்பீடும் சேர்த்து 1,700 என்று வையுங்கள். மாதம் 500 லாபம் என்று சந்தோஷப்பட்டிருப்போம். வீடு ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் கையை விட்டுப் போவது 10,200. இருபது மாத லாபத்துக்கும் மேல்.

ஆறு மாதம் ஏன் ஆகிறது என்று கேட்பார்கள். வேலை ஆறு வாரம்தான். மிச்சமெல்லாம் காத்திருப்பு. மதிப்பீட்டாளருக்குக் காத்திருக்க வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சுவர் போடுவதால் ஷீட்ராக்குக்கும் ஆளுக்கும் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டியது காசோலை. வீட்டின் மேல் கடன் இருந்தால் இழப்பீட்டுக் காசோலையில் உங்கள் பெயரோடு வங்கியின் பெயரும் இருக்கும். தனியாக மாற்ற முடியாது. கையெழுத்துப் போட்டு வங்கிக்கு அனுப்பினால், அவர்கள் அதைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு பங்கை முதலில் விடுவார்கள். பாதி வேலை முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்த்து அடுத்த பங்கு. முழுதும் முடிந்ததும் கடைசிப் பங்கு. நான் கடன் வைத்திருந்த இடத்தில் ஒரு ஆய்வாளரை வரவழைக்கவே வாரங்கள் ஆயின; போன் செய்த ஒவ்வொரு முறையும் புது ஆள், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒப்பந்தக்காரரோ வேலை முடிய முடியக் காசு கேட்பார். அந்த இடைவெளியைத் தாண்ட ரொக்கம் வேண்டும். அதனால் என் கணக்கில், ஒரு வாடகை வீட்டுக்கு ஆறு மாதத் தவணையும் காப்பீட்டின் பிடித்தத் தொகையும் (சேதச் செலவில் முதலில் நாமே போட வேண்டிய பங்கு) தொடாமல் தனியாக வங்கியில் கிடக்க வேண்டும். அது இல்லாதவர் இந்த ஊரில் வாடகைக்கென்று வீடு வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

ஃபீமா வீட்டுக்கு வீடு கொடுத்த உதவித்தொகை, அங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும். வெனிசுவேலாக் குடும்பம் விண்ணப்பிக்கலாம், நான் முடியாது. எனக்கு இருந்த வழி சிறுதொழில் நிர்வாகத்தின் பேரிடர்க் கடன். வாடகை வீட்டை அவர்கள் தொழிலாகவே பார்க்கிறார்கள். சொத்து வரியிலும் இதே கதை. குடியிருப்பவருக்கு மதிப்பீடு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நமக்கு 2024இலிருந்துதான் 20 சதவீதம் என்று ஒரு தற்காலிக வரம்பு வந்தது. கேட்டி மாதிரி இடங்களில் குடிநீர், வடிகாலுக்கென்று இருக்கும் 'மட்' மாவட்ட வரியையும் சேர்த்தால் மொத்தம் 2.5 சதவீதத்தைத் தொடும். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 7,500. ஒரே ஒரு நல்ல செய்தி: ஆளுநர் பேரிடர் அறிவித்த பகுதியில் வீட்டுக்கு 15 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் அந்த வருட வரியில் தற்காலிக விலக்குக் கேட்கலாம். 2020இல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பிலிருந்து 105 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது வாடகை வீட்டுக்கும் உண்டு. சுவர் வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது, அதனால் சொல்கிறேன்.

அணைக்கு மேல்புறம் மூழ்கிய வீடுகள் தொடர்பான வழக்கில் 2019 டிசம்பரில் நீதிமன்றம் மத்திய அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. கேட்க நன்றாக இருந்தது. தீர்ப்பை வைத்துத் தவணை கட்ட முடியாது.

இப்போது அந்த ஐந்நூறு டாலர் வெள்ளக் காப்பீட்டின் காலமும் போய்விட்டது. 2021 அக்டோபரிலிருந்து புதிய பாலிசிகளுக்கு, அடுத்த ஏப்ரலிலிருந்து பழையவற்றுக்கு, ஃபீமா விலை போடும் முறையையே மாற்றியது. மண்டலத்தை வைத்து விலை கிடையாது. தண்ணீருக்கு எவ்வளவு பக்கம், தரையின் உயரம், திரும்பக் கட்ட ஆகும் செலவு என்று வீட்டுக்கு வீடு கணக்கு. சட்டப்படி குடியிருப்பவருக்கு வருடத்துக்கு 18 சதவீதம்தான் ஏற்ற முடியும். குடியிருக்காதவருக்கு 25 வரை போகலாம். மேல்கட்டணம் அவருக்கு 25 டாலர், நமக்கு 250. விற்பவரிடம் ஏற்கெனவே பழைய குறைந்த விலைப் பாலிசி இருந்தால், அதை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஏறுவது படிப்படியாக ஏறும். ஏஜெண்டுகள் பலர் இதைத் தாமாகச் சொல்வதில்லை.

இரண்டாவது வீட்டை இந்தப் படிப்பினைகளோடு தேடினேன். முதல் விதி, அதே ஓடைக்கு இன்னொரு வீடு வேண்டாம். இரண்டு வீடும் ஒரே நீர்ப்பிடிப்பில் இருந்தால் ஒரே இரவில் இரண்டும் போகும். பிரேஸ் பேயூ ஓரம் மேயர்லாண்ட் அழகான இடம், பள்ளிகள் நல்லவை. 2015, 2016, 2017 என்று அடுத்தடுத்து மூன்று வருடம் தண்ணீர் புகுந்தது. அங்கே ஜாக்கி வைத்துத் தூக்கிய வீடுகளைப் பார்க்கலாம். பேயூக்கு அருகே விலை மலிவாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: வெள்ள மண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு அதன் சந்தை மதிப்பில் பாதி அளவுக்குச் சேதம் என்று முடிவானால், இன்றைய விதிப்படி உயரத்துக்குத் தூக்கினால்தான் பழுதுபார்க்க அனுமதி. அதற்குக் காப்பீடு கூடுதலாகக் கொடுப்பது 30,000 வரை. தூக்கும் செலவு அதோடு நிற்காது.

வீடு பார்க்க நான் போவது மழை நாளில். ஹூஸ்டனில் தெருவில் தண்ணீர் நின்றால் பதற வேண்டாம். இந்த ஊரில் தெருக்களே இரண்டாவது வடிகாலாக வடிவமைக்கப்பட்டவை. பார்க்க வேண்டியது தெருவோர விளிம்பான கர்பிலிருந்து வீட்டின் தளம் எவ்வளவு உயரம், தண்ணீர் கர்பைத் தாண்டினால் எந்தப் பக்கம் ஓடும் என்பதை. பக்கத்து மனையில் புது வீடு எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2018 செப்டம்பரிலிருந்து ஹூஸ்டன் நகர எல்லைக்குள் வெள்ள மண்டலத்தில் கட்டும் வீடுகள் ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கு இரண்டடி மேலே இருக்க வேண்டும். அப்படி இரண்டு உயரமான வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய தாழ்ந்த வீடு இருந்தால் நான் இறங்கிக்கூடப் பார்க்க மாட்டேன். உள்ளே போனால், பழைய வீட்டில் கீழ் நாலடிக்கு மட்டும் சுவரின் சொரசொரப்பு வேறு மாதிரி இருக்கிறதா, ப்ளக் பாயிண்டுகள் மட்டும் புதிதா என்று கவனிக்கலாம். விற்பவர் வெள்ள வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்று 2019இல் சட்டம் கடுமையாகிவிட்டது, சரி. இருந்தாலும் எதிர்வீட்டுக் கிழவரிடம் நின்று பேசினால் அந்தப் படிவத்தில் இல்லாததும் கிடைக்கும்.

அப்படிப் பிடித்ததுதான் பேர்லாண்ட் வீடு. மேட்டுத் தளம், வேறு ஓடை. ஹார்வியில் தண்ணீர் புகவில்லை. 2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் வந்தது. முதல் வகைப் புயல்தான், மாடகோர்டா பக்கம் கரையேறியது. இந்த முறை மழையைவிடக் காற்று. ஊரில் 22 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஜூலை வெயில், ஏ.சி. இல்லாத ஷீட்ராக் வீடு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே குடியிருப்பது கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் தம்பதி. ஒரு சாயந்திரம் அந்தத் தம்பி போன் செய்தார். "அண்ணா, வேலி மொத்தமும் சாஞ்சிருச்சு. ஃப்ரிட்ஜில இருந்ததெல்லாம் போச்சுங்க. ஆஸ்டின்ல ரூம் போட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறோம். இந்த மாச வாடகையில கழிச்சுக்கலாமா?" வீடு சேதமாகாமல் மின்சாரம் மட்டும் போனால் வாடகை தானாகக் குறையாது, என் பாலிசியும் அதற்குக் கொடுக்காது. அவருடைய சாமான்கள், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் குடியிருப்பவர் எடுக்கும் ரெண்டர்ஸ் காப்பீட்டின் வேலை, அதுவும் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து. அவரிடம் பாலிசி இருந்தது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் அதைக் கட்டாயமாக்கியிருந்தேன். எடுத்துப் பார்க்கச் சொன்னேன். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் வந்தது, அறைக்கு வரவில்லை. நான் கொஞ்சம் கழித்துக்கொண்டேன். சட்டம் கேட்கவில்லை, நல்ல குடித்தனக்காரரை இழந்து ஒரு மாதம் காலியாக விடுவதைவிட அது மலிவு.

வேலிக்கும் கூரையில் பறந்துபோன ஓடுகளுக்கும் காப்பீடு கேட்கலாமா என்று பார்த்தேன். இங்கே காற்று, ஆலங்கட்டிக்குப் பிடித்தம் தனி. 1,000, 2,000 என்று நிலையான தொகையாக இருக்காது. காப்பீட்டுத் தொகையில் சதவீதமாக இருக்கும். 3 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் முதல் 6,000 நம் பையிலிருந்து. எனக்கு ஆன செலவு அதற்குக் கீழே. ஆக வருடா வருடம் பிரீமியம் கட்டியும் அந்தப் புயலில் காப்பீடு என்பது வெறும் காகிதம். கூரைக்கு வயதாகிவிட்டால் பல கம்பெனிகள் அதற்கும் தேய்மானம் கழிக்கும் நிபந்தனையைச் சேர்த்துவிடுகின்றன. புதுப்பிக்கும்போது வரும் தடிமனான உறையைப் பிரிக்காமல் போட்டால் தெரியாது. புயல் ஓய்ந்த மறுநாளே கதவைத் தட்டும் கூரைக்காரர்கள் "பிடித்தத்தை நாங்க பாத்துக்கறோம்" என்பார்கள். டெக்சஸில் 2019 முதல் அது சட்டவிரோதம். காப்பீட்டுப் பணத்தை வைத்து நடக்கும் வேலையில் பிடித்தத்தை வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும், கட்டியதற்கு ரசீதும் கேட்பார்கள்.

பெரிலுக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு வேலை செய்தேன்: எடுத்துச் செல்லும் ஜெனரேட்டரை வெளியிலிருந்து இணைக்கும் சாக்கெட்டும், மெயின் சுவிட்சோடு சேர்ந்த தடுப்புப் பூட்டும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து. குடியிருப்பவர் கராஜுக்குள் ஜெனரேட்டரை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு புயலுக்கும் இங்கே அதில் உயிர் போகிறது. ஒப்பந்தத்தில் தனி வரியாகவே எழுதியிருக்கிறேன்: ஜெனரேட்டர் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி. மோனாக்சைடு அலாரத்தை நானே மாட்டிவிட்டேன். அதே ஒப்பந்தத்தில் தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று படத்தோடு ஒரு பக்கம் உண்டு. அது 2021 பிப்ரவரி உறைபனியில் வந்த பக்கம். பரணில் ஓடும் குழாய் வெடித்தபோது அதை மூடத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்து எழுதியது.

2022 ஜனவரியிலிருந்து இன்னொரு தாளும் சேர்ந்துகொண்டது. வீடு நூறாண்டு வெள்ள மண்டலத்தில் இருக்கிறதா, கடந்த ஐந்து வருடத்தில் நமக்குத் தெரிந்து உள்ளே தண்ணீர் வந்ததா என்று குடிவருபவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டு வெள்ளத்தில் அவருக்குப் பெரிய நஷ்டம் ஏற்பட்டால் அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம். கேட்டி வீட்டைப் பற்றி ஐந்து வருடம் தாண்டிய பிறகும் ஹார்வி விஷயத்தைச் சொல்லித்தான் விடுகிறேன். வந்து பார்ப்பவர்களில் சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். வருபவர்கள் ரெண்டர்ஸ் காப்பீட்டோடு சாமான்களுக்கென்று தனி வெள்ளப் பாலிசியும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சாதாரண ரெண்டர்ஸ் பாலிசி வெள்ளத்துக்குச் செல்லாது.

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பாலிசி வேலைகளை ஏப்ரலிலேயே முடித்துவிடுவது நல்லது. வெள்ளப் பாலிசி வாங்கினால் 30 நாள் கழித்துத்தான் உயிர் வரும். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. வளைகுடாவுக்குள் ஒரு புயல் வந்துவிட்டால் தனியார் கம்பெனிகள் புதுப் பாலிசி எழுதுவதை அப்படியே நிறுத்திவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் வீடு வாங்குபவர்கள் கையெழுத்துப் போடும் வாரத்தில் இப்படி மாட்டிக்கொள்வதுண்டு.

போன வருடம் ஆசை விடாமல் கால்வெஸ்டனில் கடலோரம் ஒரு சின்ன வீடு பார்த்தேன். விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்று. டெக்சஸில் விலை பேசி முடித்தபின் ஒரு சிறு கட்டணம் கட்டினால் சில நாள் ஆப்ஷன் கிடைக்கும். அதற்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். எல்லோரும் அந்த நாள்களில் வீட்டுப் பரிசோதகரைக் கூப்பிடுவார்கள். நான் முதலில் கூப்பிடுவது காப்பீட்டு ஏஜெண்டை. கடலோரக் கவுண்டிகளில் சாதாரணப் பாலிசியில் காற்றுச் சேதத்தை விலக்கிவிடுவது வழக்கம். அதற்கு மாநிலம் ஏற்படுத்திய காற்றுக் காப்பீட்டு அமைப்பிடம் தனியாகப் போக வேண்டும். ஆக தீக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று என்று மூன்று பாலிசி. மூன்றின் விலையையும் கூட்டியதுமே பாதி ஆசை போனது. மீதியைக் கூரை தீர்த்துவைத்தது. 1988 முதல் கட்டிய, மாற்றிய பகுதிகள் காற்று விதிகளின்படி இருக்கின்றன என்று டபிள்யூ.பி.ஐ.-8 சான்றிதழ் இருந்தால்தான் அந்த அமைப்பு காப்பீடு கொடுக்கும். அந்த வீட்டின் கூரை சமீபத்தில் மாற்றியது, பளபளவென்று இருந்தது, சான்றிதழ் மட்டும் இல்லை. வேலை முடிந்த பிறகு அதை வாங்க ஒரு பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். விற்பவர் மாட்டேன் என்றார். ஆப்ஷன் கட்டணத்தை விட்டுவிட்டு விலகினேன். அடுத்த மாதமே வேறொருவர் வாங்கிவிட்டார். அவருக்கு அந்தச் சான்றிதழ் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான்.